மூக்கு வூடு

அந்த வீட்டை இடிக்க வந்த கூலியாட்கள், கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருப்பக்கத்து மண் சுவரில், மூலையிலிருந்து வாசல்நிலை வரைக்கும் இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று என் இடுப்புக்குச் சற்று மேலே. நல்ல கருப்பு, தொட்டால் வழுக்கும். இன்னொன்று அதற்கு ஒரு முழம் மேலே. மங்கலாக, வாசலண்டை மட்டும் கொஞ்சம் பளபளப்பாக. ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த மூத்த ஆள் என்னைப் பார்த்து, "இது என்னங்கம்மா, மாடு ஒரசினதா?" என்று கேட்டார்.

"மாடு ரெண்டு ஒசரத்துல ஒரசுமா?" என்றேன்.

"அப்ப யாருங்க?"

சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கு வேலை நடக்காது. நான் எதிரே இருக்கிற என் வீட்டுக்குள் வந்துவிட்டேன். அவர்கள் என்ன நினைத்தார்களோ, கூரையைப் பிரித்து, மற்ற மூன்று சுவரையும் தள்ளி, கடைசியாகத்தான் அதற்கு வந்தார்கள். அப்போதும் கோட்டின் மேல் ஒருவனும் கடப்பாரை வைக்கவில்லை. உள்பக்கமிருந்து எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். அது ஒரே துண்டாகத் தெருவில் விழுந்தது.

அந்தக் கோடுகளுக்கு உரியவளைப் பற்றி இப்போது சொல்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவளுக்கே அது மறந்துபோயிருந்திருக்கும். எல்லாருக்கும் அவள் மூக்கு வூட்டு அக்கா.

தர்மபுரியிலிருந்து அரூர் போகிற சாலையில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. சாலைதான் தெரு, தெருதான் சாலை. மாட்டு வண்டி போன காலத்தில் அது போதுமானதாக இருந்தது. மோட்டார் பஸ் வந்ததும் போதவில்லை. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று யார் வீட்டுக்குள்ளாவது நுழைய வேண்டும். அதனால் பஞ்சாயத்து போர்டில் கூடிப் பேசித் தெருவின் இரண்டு பக்கமும் கோடு போட்டார்கள். கோடு என்றால் தரையில் கிழித்தது இல்லை. அங்கங்கே கல் நட்டார்கள். கல்லுக்குக் கல் கயிறு பிடித்தால் தெரிகிற கோடு.

அந்தக் கோட்டுக்கு வெளியே துருத்திய வீடுகளை உடனே இடி என்று யாரும் சொல்லவில்லை. அந்த மட்டும் போர்டுக்கு நல்ல மனசு இருந்தது. இருப்பது இருக்கிறபடி இருக்கலாம். ஓடு மாற்றலாம், விரிசல் பூசலாம். ஒரு சாண் கூட்டக் கூடாது, ஒரு சாண் உயர்த்தக் கூடாது. பாதிக்கு மேல் விழுந்துவிட்டாலோ, ஆறு மாதம் குடியில்லாமல் பூட்டிக் கிடந்தாலோ, அந்தச் சலுகை அதோடு போயிற்று. பிறகு கட்டுகிறவர்கள் கல்லுக்கு உள்ளே தள்ளித்தான் கட்ட வேண்டும்.

இதைக் கேட்டு ஊரே திட்டியது. பிறகு, ஒரு மாடி எடுக்கலாம், ரோட்டைப் பார்த்து ஒரு கடை வைக்கலாம் என்ற ஆசை வந்ததும், திட்டியவர்களே ஒவ்வொருவராக வீட்டை இடித்துப் பின்னுக்குத் தள்ளிக் கட்டிக்கொண்டார்கள். அவள் ஒருத்தி தள்ளவில்லை. வரிசையோடு வரிசையாக நின்ற வீடு, மற்றதெல்லாம் பின்வாங்கப் பின்வாங்க, தான் அசையாமலேயே தெருவுக்குள் வந்து நின்றது. முகத்தில் மூக்கு நிற்கிற மாதிரி என்று யாரோ சொல்லப்போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் அந்த போர்டில் ஓவர்சியர். கல் நட்டு இரண்டொரு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமாகி, மூக்கு வூட்டுக்கு நேர் எதிர் வீட்டில் குடித்தனம் வைத்தோம். வந்த வாரமே அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். நாற்பதைத் தாண்டாத வயசு, ஒல்லி உடம்பு, கையெல்லாம் புளிப்பு வாசனை. ஓவர்சியர் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சட்டத்தை எப்படித் தாண்டுவது என்று கேட்கத்தான் வருவார்கள். இவள் கேட்டது வேறு.

"தம்பி, அந்தச் சட்டத்தை இன்னொருக்கா சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். நான் கதவோரத்திலிருந்து அவள் முகத்தைப் பார்த்தேன். பிடித்த பாட்டைக் கேட்கிறவள் முகம் அது.

"அப்ப நான் மாத்தக் கூடாது."

"மாத்தக் கூடாதுங்க அக்கா."

"வேற யாரும் வந்து மாத்தவும் முடியாது."

"நீங்க குடியிருக்கற வரைக்கும் யாரும் கை வெக்க முடியாதுங்க."

"நான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை இவர் டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போகும்போதெல்லாம், அவளே டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள். "ஏதாச்சும் மாறியிருக்குதா தம்பி?" என்று கேட்பாள். "இல்லைங்க அக்கா" என்றால் அன்று முழுக்க அவள் முகத்தில் வெளிச்சம் இருக்கும். எனக்கு அந்த வயதில் அது சிரிப்பாக இருந்தது. ஊரில் சட்டத்தை இப்படிக் காதலிக்கிற ஒரே ஆள் உங்கள் அக்காதான் என்று இவரைக் கிண்டல் செய்வேன்.

சிரிப்பு நின்றது அந்த வீட்டில் விளக்கு ஏற்றுவதில்லை என்று கவனித்தபோது.

எங்கள் பக்கத்தில் எவ்வளவு இல்லாதவர்கள் வீட்டிலும் பொழுது சாய்ந்தால் வாசலில் ஒரு விளக்கு எரியும். அவள் வீடு மட்டும் இருட்டோடு இருட்டாகக் கிடக்கும். ஆனால் உள்ளே வேலை நடக்கும். புளி மண்டிக்காரர் கொடுத்தனுப்பும் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அந்தக் கும்மிருட்டில் கல்லின் மேல் கட்டை விழுகிற சத்தம் டொக் டொக் என்று சீராக வந்துகொண்டிருக்கும். விரலில் பட்ட சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. "எண்ணெய் இல்லைன்னா சொல்லுங்கக்கா, நான் தர்றேன்" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"எண்ணெய் இருக்குது கண்ணு. வெளக்கு எதுக்கு? அவன் வூட்டுல வெளக்கு எதுக்கு?" என்றாள்.

அவன் என்பது அவள் மகன். நான் அந்த ஊருக்கு வருவதற்கு முன்பே போய்விட்டவன். சின்ன வயசிலேயே அம்மை போட்டு இரண்டு கண்ணும் போயின. அப்பன் அதற்கும் முன்னாலேயே இல்லை. அவளுடைய தம்பி தெருக்கூத்து ஜமாவில் முகவீணை வாசிக்கிறவன்; பையனுக்குப் பாட்டுக் காது இருக்கிறது, ஆர்மோனியம் பழகினால் பிழைத்துக்கொள்வான் என்று சொல்லி, பத்துப் பதினோரு வயசில் அவனை மைசூர்ச் சீமைப் பக்கம் கூட்டிப் போனான். அங்கே ஒரு திருவிழாவில் காலரா வந்து தம்பி செத்தான். ஜமா கலைந்து ஆளுக்கொரு திசையாய்ப் போயிற்று. பையனை யாரோ பாட்டுக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதோடு தகவல் முடிந்துவிட்டது.

அவள் ஓசூர் தாண்டி ஒருமுறை தேடிப் போயிருக்கிறாள். பாதி வழியில் திரும்பிவிட்டாளாம். ஏன் என்று கேட்டதற்கு, "நான் ஒரு பக்கம் தேடறேன், அவன் ஒரு பக்கமா வந்து நின்னா வூடு பூட்டிக் கெடக்குமே" என்றாள். அதற்கப்புறம் ஒரு ராத்திரிகூட அவள் வெளியே தங்கியதில்லை. அரூரில் அவளுடைய அம்மா இறந்த செய்தி வந்தபோதும் போகவில்லை. பார்க்கிறவர்கள் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுவரில் இருந்த கீழ்க்கோடு அவன் போட்டது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வலது கையைச் சுவரில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வருவான். அப்படித் தேய்த்துத் தேய்த்து வந்த கோடு. அவள் அவனைக் கைபிடித்துக் கூட்டி வரமாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டாள், மற்றவர்களையும் கூப்பிட விடமாட்டாள். சின்னதாக இருந்தபோது ஒருநாள் வாசலில் நின்று அவள் கூப்பிட, அவன் குரல் வந்த பக்கம் திரும்பிச் சுவரை விட்டுவிட்டு நேரே ஓடி வந்து பார வண்டியின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டான். உயிர் தப்பியது, முழங்கால் ஒன்று வளைந்துபோயிற்று. அன்றோடு கூப்பிடுவதை விட்டாள். "அவன் கையால பார்க்கறவன். கை அவனைக் கூட்டியாரும். நடுவுல நாம சத்தம் குடுக்கக் கூடாது" என்பாள். இதை அவள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே சொற்களில், ஒரே மூச்சில் சொல்லுவாள்.

கை பார்த்த வீடு அப்படியே இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் பேராசை. சட்டம் அவளுக்குக் காவல்காரன் மாதிரி வந்து சேர்ந்தது. ஆனால் அவள் சட்டத்தையும் மிஞ்சினாள். சட்டம் ஓடு மாற்றலாம் என்றது, அவள் மாற்றமாட்டாள். கூரையில் ஒரு ஓடு விண்டிருந்தது. மழை பெய்தால் அதன் வழியாக உள்ளே ஒரே இடத்தில் சொட்டும். இவர் ஒருநாள் நல்ல ஓடு ஒன்றைக் கொண்டுபோய், "நானே போட்டுத் தர்றேங்க அக்கா" என்றார். அவள் வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள். "அந்தச் சொட்டுற சத்தத்தை வெச்சுத்தான் அவன் அடுப்பு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுக்குவான்" என்றாள்.

எனக்கு முதல் முதலாகப் பயம் வந்தது ஒரு சொம்பு விஷயத்தில். வெயில் நேரம் அவளோடு பேசிக்கொண்டிருந்தபோது தாகம் எடுத்தது. நானே பானையிலிருந்து மொண்டு குடித்துவிட்டுச் சொம்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் வீட்டுக்குள் நுழைந்து உட்காரக்கூட இல்லை, பின்னாலேயே தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சொம்பை எந்தப் பக்கம் வெச்ச?"

"பானைக்குப் பக்கத்துலதாங்கா."

"எந்தக் கைப் பக்கம்?"

எனக்கு நினைவில்லை. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சொம்பு பானைக்கு வலது பக்கம் இருந்தது. அவள் அதை எடுத்து இடது பக்கம் வைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வாசலிலிருந்து மறுபடி நடந்து வந்து, கையை நீட்டினாள். விரல் தடுமாறாமல் நேரே சொம்பின் கழுத்தில் போய் நின்றது. "இப்ப சரி" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. நான் மெதுவாக வெளியே வந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, பெரிய அதிகாரி ஒருவர் அந்த வழியாகப் போகிறார் என்று போர்டுக்காரர்கள் தெருவைப் பார்த்த சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்கள். அவள் மண்டிக்குப் புளியைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் மூக்கு வூட்டையும் அடித்து முடித்துவிட்டார்கள், கோட்டின் மேலேயும் சேர்த்து. அவள் வந்து பார்த்தாள். நான்தான் பதறினேன். "தண்ணி வுட்டுக் கழுவிடலாங்கா" என்றேன்.

"வேண்டாம் கண்ணு. அது மேல எதுவும் ஒட்டாது" என்றாள்.

அதிகாரி வந்து போன மூன்றாம் நாளே கோட்டின் மேலிருந்த சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் வெள்ளை. நடுவில் அந்தக் கருப்புக் கோடு முன்னைவிடப் பளபளப்பாக ஓடியது. இவர் சிரித்தார். "எண்ணெய் ஊறின மண்ணுல சுண்ணாம்பு புடிக்காது. இதுல என்ன அதிசயம்?"

"பையன் போய் இத்தனை வருஷம் ஆச்சு. எண்ணெய் எங்கிருந்து வருது?" என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

பதில் எனக்கு ஒரு நடுப்பகலில் கிடைத்தது. சித்திரை வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அவள் மூலையில் நின்றுகொண்டிருந்தாள். புளி ஒட்டாமலிருக்கத் தடவிக்கொள்கிற விளக்கெண்ணெய் இரண்டு கையிலும் மினுங்கியது. கண்ணை மூடினாள். அந்தக் கோட்டின் உயரத்துக்குக் கை வரும்படி குனிந்தாள். குனிந்தபடியே வலது கையைச் சுவரில் வைத்துத் தேய்த்துக்கொண்டு நடந்தாள். அது அவள் நடை இல்லை. குட்டிக் குட்டி எட்டு. ஒரு முழங்காலை மட்டும் கொஞ்சம் வளைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டே போகிற நடை. நிலைக்கு வந்ததும் வாசற்படியைக் காலால் தடவிப் பார்த்துத் தாண்டினாள். உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து அவள் குரல், இப்போது அவளுடைய சொந்தக் குரல், நிதானமாகக் கேட்டது.

"வந்தியா சாமி? தண்ணி குடி."

கொஞ்ச நேரத்தில் சொம்பைப் பானைக்குப் பக்கத்தில் வைக்கிற சத்தமும் கேட்டது.

நான் அன்று சாயங்காலம் இவரிடம் வீடு மாற்றலாம் என்று அழுதேன். அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. அவள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. எனக்குக் குழந்தை பிறந்தபோது வாரக்கணக்கில் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தவள் அவள்தான். அப்படிப்பட்டவளைக் கண்டு பயப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த நடையை அதற்குப் பிறகு அடிக்கடி பார்த்தேன். ஜன்னலைச் சாத்திக்கொள்ளவும் மனசு வரவில்லை.

யுத்த காலத்தில், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒரு ஐப்பசியில், விடாமல் மழை பெய்தது. ஒரு காலை நேரம் தடால் என்று சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினோம். மூக்கு வூட்டின் பின்சுவர் கரைந்து விழுந்து, அதோடு கூரையும் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. போர்டில் இருந்தவர்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பஸ்காரர்கள் அந்த வீட்டைத் தொலையுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். "பாதிக்கு மேல போச்சு ஓவர்சியரே, அளந்து எழுதிடுங்க" என்று ஒரு மெம்பர் குடைக்குள் நின்று சொன்னார்.

இவர் மழையில் நனைந்துகொண்டே அளந்தார். அவள் விழுந்த பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தெருப்பக்கம் வந்து, அந்தக் கோட்டின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். மிரண்ட மாட்டை அணைத்துப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். இவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்து, "பாதிக்குக் கொஞ்சம் குறைவுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "நெசமாவே குறைவா?"

"நனைஞ்ச டேப்பு சரியாக் காட்டாது" என்று மட்டும் சொன்னார். அந்த மனுஷனை எனக்கு அன்றைக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவள் விழுந்த மண்ணையே குழைத்து, விழுந்த சுவரை எழுப்பினாள். ஆள் வைத்துத்தான் செய்தாள், ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் கையால் தடவிப் பார்த்துச் சரி சொன்னால்தான் அடுத்த வரிசை. முடிந்தபின் உள்ளே போய்ப் பார்த்தேன். சுவரில் பழைய பள்ளம் பழைய இடத்தில் இருந்தது. அந்த விண்ட ஓட்டை இடிபாட்டிலிருந்து பொறுக்கி எடுத்து, அதே இடத்தில் வைத்திருந்தாள். மழை இன்னும் விடவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் அதே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

யுத்தம் முடியப் போகிற சமயம். கரி வாயுவில் ஓடுகிற பஸ் எங்கள் ஊரில் கொஞ்ச நேரம் நின்றுதான் போகும். ஏறுகிறவர்கள் ஏற, இறங்கிக் கால் நீட்டுகிறவர்கள் நீட்ட, அன்றும் மத்தியானம் நின்றது. நான் ஜன்னலோரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து ஒரு பாட்டுக்காரன் இறங்கி எங்கள் தெருவில் வந்தான். நல்ல உயரம், தாடி. துணியில் கட்டிய ஆர்மோனியம் முதுகில் தொங்கியது. கூட வந்தவன் பின்னால் பீடி பிடித்துக்கொண்டு நின்றான். பாட்டுக்காரன் வலது கையை வீட்டுச் சுவர்களில் வைத்துக்கொண்டு வந்தான். ஒரு காலைக் கொஞ்சம் வளைத்து வைத்தான்.

எதிரே டொக் டொக் சத்தம் நின்றது.

புது வீடுகளின் சுவர் முடிந்ததும் அவனுக்குச் சுவர் தட்டுப்படவில்லை. இரண்டு எட்டு வெறும் வெளியில் தடவினான். மூக்கு வூட்டின் மூலை அவன் தோளில் இடித்தது. நின்றான். மூலையை மேலும் கீழும் தடவிப் பார்த்தான், முகம் சுருங்கியது. இங்கே மூலை எப்படி வந்தது என்று கேட்கிற முகம். பிறகு கையைத் தன் மார்பு உயரத்தில் வைத்துச் சுவரோடு நடந்தான். கோடு அவன் கைக்கு ஒரு முழம் கீழே ஓடியது. அவன் தொட்டதெல்லாம் வெறும் சுண்ணாம்பு.

அப்படியே வாசலுக்கு வந்து நிலைக்கட்டையில் கை வைத்தான். உள்ளே, அவன் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அவள் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் கண் திறந்திருந்தது. அந்த வீட்டுக்குள் அவள் கண்ணைத் திறந்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

அப்போது பஸ் ஹாரன் அடித்தது. வண்டி கிளம்பி, அந்தக் குறுகலான இடத்தை நோக்கி வந்தது. கூட வந்தவன் ஓடி வந்து, "யோவ், வண்டி கெளம்பிடுச்சு, வா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தான். அவன் நிலையிலிருந்து கையை எடுத்தான். போகிற போக்கில் தெருவோரம் நின்ற பஸ் ஏஜெண்டிடம் ஏதோ கேட்டான். அவர் கையை ஆட்டிப் பதில் சொன்னார். இரண்டு பேரும் ஏறினார்கள். பஸ் மூக்கை உரசுகிற மாதிரி வளைந்து அரூர்ப் பக்கம் போயிற்று.

நான் அரிசி முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். வாயிலிருந்து கையை எடுக்கவே நேரம் ஆயிற்று.

"ஒசந்துட்டான்" என்றாள்.

"அக்கா, அது உங்க மகனா? ஏங்கா கூப்பிடல?"

"பஸ்ஸு வந்துச்சே கண்ணு. கூப்பிட்டா செவுத்தை வுட்டுடுவான்."

ஆபீசுக்கு ஆள் அனுப்பினேன். இவர் கிடைத்த லாரியில் ஏறி அரூருக்குப் போனார். பஸ் நிற்கிற இடத்தில் விசாரித்ததில், பாட்டுக்காரர்கள் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். எந்த வண்டி, எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இருட்டுவதற்குள் வெறுங்கையோடு திரும்பி வந்தார். வரும்போது ஏஜெண்டையும் பார்த்துவிட்டு வந்தார். ஏஜெண்டு ஊருக்குப் புதிது, ஒன்றும் அறியாத மனுஷர். "இங்க ஒரே வரிசையா வூடுங்க இருந்துச்சே, என்ன ஆச்சுன்னு கேட்டாருங்க. எல்லாத்தையும் இடிச்சுப் பின்னால தள்ளிக் கட்டியாச்சு, பழசு ஒண்ணும் இல்லீங்கன்னு சொன்னேன். தப்புங்களா?" என்றாராம்.

தப்பு இல்லை. வரிசையில் இருந்த வீட்டைத் தேடி வந்தவனுக்கு, மூலையும் முனையுமாகத் தெருவில் தனியாக நிற்கிற வீடு அன்னியமாகத்தானே இருக்கும்? ஒன்றையும் மாற்றாமல் அவள் காத்து வைத்ததே அந்த வீட்டை வேறு வீடாக ஆக்கிவிட்டது. இதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று நானும் இவரும் முடிவு செய்தோம். கோடு அவன் கைக்குக் கீழே நின்றுவிட்டதால்தான் அவன் போய்விட்டான் என்று அவள் நம்பினாள். அதையாவது அவளால் சரிசெய்ய முடியும்.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, சட்டத்துல ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அக்கா."

"ஒசத்தக் கூடாதுன்னுதான இருக்குது?"

"ஆமாங்க."

"செவுத்துல இருக்கற கோட்டை ஒசத்தலாமா? ஒரு முழம் போதும்."

இவர் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்டில் பேசுகிற அதே குரலில், "அதுக்குத் தடை ஒண்ணும் இல்லைங்க அக்கா" என்றார்.

அன்று நடுப்பகலில் அவள் மூலையில் வந்து நின்றாள். கையில் எண்ணெய் மினுங்கியது. கண்ணை மூடினாள். இந்தத் தடவை குனியவில்லை. நிமிர்ந்து, கையைக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே வைத்து, வளைந்த காலோடு நீள நீளமாக எட்டு எடுத்து வைத்து, சுவரோடு நடந்து வந்தாள். நிலைக்கு வந்ததும் தலை இடிக்காமலிருக்க நன்றாகக் குனிந்து உள்ளே போனாள். அவள் உயரத்துக்கு அந்த நிலையில் குனிய வேண்டியதே இல்லை.